மருந்து கலந்த பல் அடைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூர் அல்சூரில் பல் மருத்துவம் பார்க்கிறேன். வாரத்தில் ஒரு நாள் கல்லூரியில் எம்.டி.எஸ். (பல் மருத்துவ மேற்படிப்பு) மாணவர்களுக்குப் பல் அடைக்கும் பொருட்கள் பற்றிப் பாடம் எடுக்கிறேன். இரண்டு இடத்திலும் ஒரே சந்தேகம்தான் வேறு வேறு வார்த்தையில் வருகிறது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் "கிருமியைக் கொல்ற சிமென்ட் வைங்க" என்கிறார். ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடும் மாணவி "எத்தனை சதவீதம் கலக்கலாம்?" என்கிறாள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைக் கீழே கொடுத்திருக்கிறேன். முதல் பாதி எல்லோருக்கும் புரியும். போகப் போகக் கொஞ்சம் தொழில் பேச்சு கலக்கும்.

"பல்லு அடைக்கிற சிமென்ட்லயே மருந்து கலந்து வருதாமே டாக்டரம்மா, அது என்ன?"

இன்று பல் அடைக்கப் பெரும்பாலும் இரண்டு பொருட்கள். ஒன்று, ஜி.ஐ.சி. என்று நாங்கள் சொல்லும் கிளாஸ் அயனோமர் சிமென்ட். கண்ணாடித் தூளையும் பாலிஅக்ரிலிக் அமிலத் திரவத்தையும் குழைத்து வைப்பது. லண்டனில் ஆலன் வில்சன், பிரையன் கென்ட் இருவரும் 1969-இல் உருவாக்கியது. இன்னொன்று, நீல விளக்கு காட்டி இறுகவைக்கும் பல் நிறப் பிசின் கலவையான காம்போசிட். பழைய வெள்ளி அடைப்பான அமால்கம் குறைந்துகொண்டே வருகிறது.

இவற்றில் குளோர்ஹெக்சிடின், வெள்ளித் துகள், சில ஆன்டிபயாட்டிக்குகள் போன்ற கிருமிநாசினிகளைச் சேர்த்துப் பார்ப்பதுதான் நீங்கள் கேள்விப்பட்டது. அதில் பெரும்பகுதி இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது. கிளினிக்குக்கு வந்தவை கொஞ்சம்.

"அடைச்ச பல்லு ஏன் மறுபடியும் சொத்தையாகுது? அடைச்சாச்சுன்னா பூச்சி உள்ள போக முடியாதே?"

பூச்சி என்று நாம் சொல்வது பாக்டீரியாவை. சொத்தைக்கு முக்கியக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸின் குறுக்களவு ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு. காம்போசிட் இறுகும்போது கன அளவில் ஏறக்குறைய 2 முதல் 3 சதவீதம் சுருங்கும். அந்தச் சுருக்கத்தில் ஓரத்தில் மயிரிழை இடைவெளி விழுந்தாலே பாக்டீரியாவுக்கு அது அகலமான சந்து. உள்ளே உட்கார்ந்து நீங்கள் சாப்பிடும் சர்க்கரையை அமிலமாக்கும். அமிலத்தன்மையைக் காட்டும் பி.ஹெச். அளவு (குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே போனால் பல்லின் வெளி ஓடான எனாமல் கரையத் தொடங்கும். உள்ளிருக்கும் டென்டின் அதற்கு முன்னாலேயே கரையும்.

காம்போசிட் அடைப்பை எடுத்துவிட்டு மறுபடி வைக்க நேர்வதற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று இந்த ஓரச் சொத்தை. மருந்து கலக்கும் யோசனை பிறந்ததே இங்கேதான். கிருமி வரட்டும், வந்தால் சாகட்டும் என்ற எண்ணம்.

"ஜி.ஐ.சி.யில ஃப்ளோரைடு இருக்குன்னு சொன்னீங்க. அதுவே போதாதா?"

பல்லுக்கு அது நல்லதுதான். வைத்த முதல் ஓரிரு நாட்களில் ஃப்ளோரைடு நிறைய வெளிவரும், பிறகு சில வாரங்களில் சரிந்து சிறு அளவாக நீடிக்கும். ஃப்ளோரைடு பேஸ்டால் பல் துலக்கினால் சிமென்ட் கொஞ்சம் உறிஞ்சி மறுபடி விடும். கரைந்த இடத்தில் தாது திரும்பப் படிய இது உதவும். ஆனால் அந்தச் சிறு அளவு கிருமியைக் கொல்லப் போதாது. ஜி.ஐ.சி.யின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது: அது பல்லோடு வேதியியல் முறையில் ஒட்டுகிறது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

"எங்க சொந்த ஊர் கோலார் பக்கம். தண்ணியிலயே ஃப்ளோரைடு ஜாஸ்தின்னு பல்லெல்லாம் கறை. இந்தச் சிமென்ட் வச்சா இன்னும் மோசமாகுமா?"

ஆகாது. அந்தக் கறை, தாடைக்குள் பல் உருவாகிக்கொண்டிருந்த சிறுவயதில் ஃப்ளோரைடு மிகுந்த தண்ணீரைக் குடித்ததால் வந்தது. வளர்ந்து முடிந்த பல்லில் புதிதாக வராது. அடைப்பிலிருந்து வரும் அளவும் மிகச் சொற்பம்.

"ஒரு சதவீதம்தானே கலக்குறாங்க? அதுக்கு ஏன் பலம் குறையணும்?"

இந்தப் பக்கத்தின் மையமே இந்தக் கேள்விதான். ஜி.ஐ.சி. எப்படி இறுகுகிறது என்று பாருங்கள். அமிலம் கண்ணாடித் தூளின் மேற்பரப்பைக் கரைக்கிறது. அதிலிருந்து கால்சியமும் பிறகு அலுமினியமும் வெளியே வந்து, நீளநீளமான அமிலச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்கின்றன. அந்தப் பிணைப்புகள் எத்தனை, எவ்வளவு நெருக்கம் என்பதுதான் சிமென்டின் பலம். குளோர்ஹெக்சிடின் நேர்மின்னூட்டம் கொண்ட பெரிய மூலக்கூறு. அமிலச் சங்கிலியில் உலோகம் பிடிக்க வேண்டிய இடத்தை இது போய்ப் பிடித்துக்கொள்ளும். ஆனால் உலோகம் செய்கிற பிணைப்பு வேலையை இது செய்யாது. அதனால் இறுகவும் நேரம் கூடுதலாகும்.

இரண்டாவது, இடம். மருந்துத் தூள் கண்ணாடித் தூளைவிட இலேசானது. எடையில் 1 சதவீதம் என்றால் கன அளவில் அதைவிட அதிகம். அந்தத் துகள்கள் கண்ணாடியைப்போல் அமிலத்தோடு கலந்து இறுகுவதில்லை, நடுவில் சும்மா கிடக்கின்றன. மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுவது: மருந்து வேலை செய்ய வேண்டுமானால் கரைந்து வெளியே வந்தாக வேண்டும், வந்த இடம் காலியாகும். சுவர் கட்டும்போது அங்கங்கே செங்கலுக்குப் பதில் வெல்லக்கட்டி வைத்த மாதிரி. கட்டிய அன்று சுவர் நிற்கும், மழை பெய்த பிறகுதான் விஷயம் தெரியும். ஆகவே மருந்து நன்றாக வெளியேறுகிறது என்பதும் சிமென்ட் பலமாகவே இருக்கிறது என்பதும் ஒன்றையொன்று இழுக்கும் இரண்டு விருப்பங்கள். இரண்டும் முழுதாகக் கிடைக்கிறது என்று யாராவது விளம்பரம் செய்தால் நான் சந்தேகப்படுவேன்.

"அப்ப எத்தனை சதவீதம் வரைக்கும் போகலாம் மேடம்? ஒவ்வொரு பேப்பர்ல ஒவ்வொரு நம்பர் இருக்கு."

எல்லோரும் எடுத்துக்காட்டுவது 2006-இல் ஜப்பானின் தகாஹாஷி, இமசாட்டோ குழுவினர் வெளியிட்ட ஆய்வு. குளோர்ஹெக்சிடின் டைஅசிடேட்டை 1 சதவீதம் சேர்த்த ஜி.ஐ.சி. கிருமியையும் தடுத்தது, பலமும் பிடிப்பும் ஏற்கத்தக்க அளவில் இருந்தன. 2 சதவீதமும் அதற்கு மேலும் போனபோது அழுத்த வலிமையும் டென்டினோடு ஒட்டும் வலிமையும் குறிப்பிடத்தக்க அளவு இறங்கின. அதனால் 1 சதவீதம் என்பது இந்தத் துறையில் ஒரு வழக்கமான எல்லையாகிவிட்டது.

நம்பர்கள் மாறுவதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டும் குளோர்ஹெக்சிடினின் உப்புகள்தான் என்றாலும் டைஅசிடேட் தூள் வேறு, குளுக்கோனேட் கரைசல் வேறு. கரைசலைச் சேர்த்தால் கூடவே தண்ணீரும் சேர்ந்து தூள்-திரவ விகிதமே கெடும். அடிப்படைச் சிமென்டும் ஒரு கம்பெனிக்கும் இன்னொன்றுக்கும் மாறுகிறது. பேப்பர் படிக்கும்போது முதலில் சதவீதத்தைப் பார்க்காதீர்கள். எந்த உப்பு, எந்தச் சிமென்ட், எத்தனை நாள் கழித்துச் சோதித்தார்கள் என்று பாருங்கள்.

"பலம்னா எந்த பலம்? தீசிஸ்ல கம்ப்ரெசிவ் மட்டும் பண்ணினா போதுமா மேடம்?"

கையேட்டை மட்டும் பார்த்தால், கம்ப்ரெசிவ் எனும் அழுத்த வலிமையே போதும் என்றுதான் தோன்றும். சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் 9917 தரம், பல் அடைக்கும் ஜி.ஐ.சி.க்குக் குறைந்தது 100 மெகாபாஸ்கல் (வலிமையை அளக்கும் அலகு) அழுத்த வலிமை கேட்கிறது. 4 மி.மீ. விட்டம், 6 மி.மீ. உயரத்தில் சின்ன உருளைகளாக வார்த்து, 37 டிகிரியில் வைத்திருந்து, ஒரு நாள் கழித்து எந்திரத்தில் நசுக்குவார்கள். காம்போசிட்டுக்கான ஐ.எஸ்.ஓ. 4049 வேறு கேள்வி கேட்கிறது: மெல்லும் பரப்பில் வைக்கும் பொருளுக்கு வளைவு வலிமை 80 மெகாபாஸ்கல் வேண்டும் என்கிறது. வாயில் அடைப்பு பெரும்பாலும் நசுங்கி உடைவதில்லை. ஓரம் சில்லுவிட்டு, இழுவிசையில் விரிசல் விட்டு, தேய்ந்து போகிறது. ஜி.ஐ.சி.க்கு அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்கு இழுவையைத் தாங்கத் தெரியாது. ஆகவே குறைந்தது இழுவிசை அல்லது வளைவுச் சோதனையும், டென்டினில் ஒட்டும் வலிமையும் சேருங்கள். மேலே வெல்லக்கட்டி பற்றிச் சொன்னேனே, அதற்காக 24 மணி நேரத்தோடு நிறுத்தாமல் ஒரு மாதம் நீரில் வைத்தும் சோதியுங்கள்.

உருளை வார்ப்பதிலும் கவனம் வேண்டும். உடைந்த உருளையை லென்ஸ் வைத்துப் பார்த்தால் பல நேரம் விரிசல் ஒரு குமிழியிலிருந்து கிளம்பியிருக்கும். மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது, கையால் குழைக்கும்போது புகுந்த காற்று அது. இன்னொன்று பெங்களூருக்கே உரியது. எந்திரம் பெரும்பாலும் ஊருக்கு அந்தப் பக்கம் ஏதாவது இன்ஜினியரிங் கல்லூரியில் இருக்கும். உருளைகளை டப்பாவில் உலர்வாகப் போட்டுக்கொண்டு சில்க் போர்டு நெரிசலில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால், ஜி.ஐ.சி. நீரிழந்து மேற்பரப்பில் வெடிப்பு விடும். காய்ச்சி வடித்த நீரிலேயே வைத்து எடுத்துப் போங்கள்.

"அகார் தட்டுல சுத்தி வட்டமா கிருமியே வளரல மேடம். வாயிலயும் அப்படித்தானே நடக்கும்?"

அகார் என்பது ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்கும் ஜெல். அந்த வட்டம் ஒன்றைத்தான் காட்டுகிறது: மருந்து வெளியே வந்து ஜெல்லில் பரவியது. தட்டில் எச்சில் ஓடுவதில்லை, மெல்லும் உணவு இல்லை, மருந்தை அடித்துப்போக எதுவும் இல்லை. வாயில் கிருமிகள் தனித்தனியாக மிதப்பதில்லை. பிசின் போன்ற படலத்துக்குள் அடுக்கடுக்காக வாழ்கின்றன, அங்கே மருந்து ஊடுருவுவது கடினம். நன்றாகக் கரையும் மருந்து பெரிய வட்டம் காட்டும். அதே மருந்துதான் சீக்கிரம் தீர்ந்தும் போகும். இரண்டு பொருளை ஒப்பிட்டு "வட்டம் பெரியது, ஆகவே சிறந்தது" என்று முடிவு எழுதியிருந்தால் அந்த வரியைச் சிவப்பில் அடிப்பேன்.

"மருந்து தீர்ந்துபோயிடுதுன்னா, தீராத மாதிரி ஏதாவது செய்ய முடியாதா?"

செய்திருக்கிறார்கள். முன்னே சொன்ன இமசாட்டோவின் ஒசாகா குழு 1990-களில் எம்.டி.பி.பி. என்ற மூலக்கூறை உருவாக்கியது. ஒரு முனை கிருமியைத் தாக்கும், மறுமுனை பிசினோடு சேர்ந்து இறுகிவிடும். மருந்து கரைந்து போவதில்லை, சுவரிலேயே பதிந்து நிற்கிறது. காலியாகும் இடம் இல்லாததால் பலக்குறைவும் அந்த வகையில் இல்லை. கிளியர்ஃபில் புரொடெக்ட் பாண்ட் என்ற ஒட்டுத் திரவத்தில் இதைச் சேர்த்துக் குராரே நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இதிலும் விலை உண்டு. தொட்ட கிருமியை மட்டும்தான் இது தாக்கும். எச்சில் புரதம் மேலே ஒரு படலம் போர்த்தினால் தொடுவதே குறையும். அடைப்பின் வெளிமேற்பரப்பைவிட, ஒட்டும் இடத்தில் இறுகுவதற்கு முன்பு மிச்சமிருக்கும் கிருமிகளை ஒடுக்க இது ஏற்றது.

"வெள்ளி கிருமியைக் கொல்லும்னு சொல்றாங்களே, அதைக் கலந்தா?"

கொல்லும். துகள் மிகச் சிறியது என்பதால் குறைந்த அளவே போதும், பலத்தையும் ரொம்பக் கெடுக்காது. சிக்கல் நிறம். பல் நிறத்தில் வேண்டும் என்றுதானே காம்போசிட் கேட்கிறீர்கள்? வெள்ளி அதைச் சாம்பலாக்கும், அளவு கூடினால் நீல விளக்கின் ஒளி உள்ளே போவதையும் தடுக்கும். 38 சதவீத சில்வர் டைஅமின் ஃப்ளோரைடு என்ற, பல்லில் பூசும் வெள்ளித் திரவம் சொத்தையை நிறுத்த நன்றாக உதவுகிறது. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் அதையும் ஜி.ஐ.சி.யையும் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. ஆனால் தொட்ட சொத்தை கறுப்பாகும். சிவாஜிநகரிலிருந்து வந்த ஒரு அம்மா, "வலி போகட்டும், ஆனா ஸ்கூல்ல சிரிக்கிறப்ப தெரியக்கூடாது" என்றார். மகளுக்கு முன்பல். அங்கே வெள்ளியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

"எங்க பாட்டி பல்வலிக்குக் கிராம்பு வைப்பாங்க. அதையே சிமென்ட்ல கலக்கக்கூடாதா?"

நூறு வருஷத்துக்கும் மேலாகக் கலந்துகொண்டுதான் இருக்கிறோம். துத்தநாக ஆக்சைடும் கிராம்பிலிருக்கும் யூஜினாலும் சேர்ந்ததுதான் தற்காலிக அடைப்பு. கிளினிக்கில் மூக்கில் ஏறும் அந்த வாசனை அதுதான். கிருமியைத் தடுக்கும், வலியை ஆற்றும். ஆனால் நிரந்தரமாக மெல்லும் பாரத்தைத் தாங்காது. காம்போசிட்டோடு யூஜினால் சேரவே கூடாது, பிசின் இறுகுவதை அது தடுக்கும். காம்போசிட் வைக்க வரும் அன்று காலையில் பல் குழிக்குள் கிராம்பு எண்ணெய் ஊற்றிக்கொண்டு வராதீர்கள்.

"பேசாம ஆன்டிபயாட்டிக்கையே கலந்துட்டா என்ன? எலும்பு டாக்டருங்க செய்றாங்களே?"

செய்கிறார்கள். மூட்டு மாற்றும்போது எலும்புச் சிமென்டில் ஜென்டாமைசின் கலப்பது பழைய வழக்கம், அங்கேயும் அளவு கூடினால் சிமென்ட் பலவீனமாகும் என்ற இதே கவலைதான். பல் பக்கம் சிப்ரோஃப்ளாக்சசின், மெட்ரோனிடசோல், மினோசைக்ளின் மூன்றையும் ஜி.ஐ.சி.யில் கலந்து பார்த்தவர்கள் 1.5 சதவீதம் வரை பலம் தாக்குப்பிடிக்கிறது என்றார்கள்.

எனக்கு இது பிடிக்கவில்லை. மினோசைக்ளின் பல்லை நிறம் மாற்றும். அதைவிடப் பெரிய விஷயம், கொல்லப் போதாத அளவில் ஆன்டிபயாட்டிக் நாள்கணக்கில் கசிந்துகொண்டிருந்தால் எதிர்ப்புத் தன்மை பெற்ற கிருமிகளை நாமே வளர்த்ததாகும். மூட்டில் கிருமி தொற்றினால் காலுக்கே ஆபத்து. சொத்தைப் பல்லுக்கு அந்த அவசரம் கிடையாது.

"குழந்தைக்கு வைக்கலாமா? பயந்து வாயையே மூடிக்கிறான்."

மருந்து கலந்த ஜி.ஐ.சி.க்கு நான் ஆதரவு சொல்லும் இடம் இதுதான். 1980-களின் நடுவில் தான்சானியாவில் ஃப்ரெங்கன் என்ற பல் மருத்துவர் தொடங்கிய ஏ.ஆர்.டி. முறையில், டிரில் இல்லாமல் கைக்கருவியால் மென்மையான சொத்தையைச் சுரண்டி ஜி.ஐ.சி. வைத்துவிடுவார்கள். 1994-இல் உலக சுகாதார நிறுவனம் இதை ஆதரித்தது. மின்சாரமே இல்லாத முகாமிலும் செய்யலாம். கையால் சுரண்டும்போது கிருமி மிச்சமிருக்க வாய்ப்பு அதிகம். 2006 ஆய்வும் இந்த முறையை மனதில் வைத்துத்தான் நடந்தது.

பால் கடைவாய்ப் பல் எப்படியும் 10, 12 வயதில் விழப்போகிறது. கொஞ்சம் பலத்தை விட்டுக்கொடுத்துக் கிருமியைக் கட்டுப்படுத்துவது அங்கே நல்ல பேரம். முப்பது வயதுக்காரரின் கடைவாய்ப் பல்லில் பக்கச் சுவரே இல்லாத பெரிய குழிக்கு அதே பேரம் நஷ்டம். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள்: குளோர்ஹெக்சிடினுக்கு ஒவ்வாமை அரிதாக வரும், வந்தால் கடுமையாக இருக்கும். மவுத்வாஷிலோ ஆபரேஷனுக்கு முன் தோல் துடைக்கும் மருந்திலோ தடிப்பு, மூச்சுத் திணறல் வந்திருந்தால் மறைக்காதீர்கள்.

"மேடம், நானே கிளினிக்ல ஜி.ஐ.சி. லிக்விட்ல ரெண்டு சொட்டு குளோர்ஹெக்சிடின் விட்டுக் குழைக்கலாமா?"

புதிதாகக் கிளினிக் போட்டவர்கள் கேட்பது. வேண்டாம். கரைசல் சேர்ந்தால் விகிதம் கெடும் என்று ஏற்கெனவே சொன்னேன். மவுத்வாஷ் என்றால் இன்னும் மோசம், அதில் வேறு சரக்குகளும் இருக்கும். ஃபியூஜி 9 போன்ற அடர்த்தியான ஜி.ஐ.சி.க்கு எடையில் 3.6 பங்கு தூளுக்கு ஒரு பங்கு திரவம். உதவியாளர் குழைக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று ஒரு சொட்டு கூட விட்டாலே பலம் இறங்கிவிடும். மருந்தால் வரும் குறைவைப் பற்றி மாநாட்டில் விவாதிக்கிறோம், குழைக்கும் பேடில் தினமும் நடப்பதைக் கவனிப்பதில்லை. ஸ்கூப்பைத் தட்டி மட்டம் செய்கிறீர்களா, பாட்டிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சொட்டு விடுகிறீர்களா என்று ஒரு நாள் பக்கத்தில் நின்று பாருங்கள்.

கிருமிக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்றால், காம்போசிட் வைக்கும் குழியை ஒட்டுத் திரவம் பூசுவதற்கு முன் 2 சதவீத குளோர்ஹெக்சிடினால் துடைக்கலாம். ஒட்டிய இடத்தில் டென்டினின் புரத நாரான கொலாஜனை அரிக்கும் நொதிகளையும் அது தடுக்கும். மருந்து பொருளுக்குள் போகாததால் பலத்தைப் பற்றிய கவலை இல்லை.

"இவ்வளவு சொன்னீங்க. என் பல்லுக்கு எதை வைப்பீங்க டாக்டரம்மா?"

நன்றாக மெல்லும் கடைவாய்ப் பல், ஈரம் படாமல் மூடி வேலை செய்ய முடிகிறது என்றால் மருந்து கலக்காத சாதாரணக் காம்போசிட். ஓரம் ஈறுக்குக் கீழே போகிறது, உலர்வாக வைத்திருக்க முடியவில்லை என்றால் ஜி.ஐ.சி. பல்லோடு ஒட்டும் குணம் இருக்கிறது என்று முன்னால் சொன்னேனே, அது இங்கே கைகொடுக்கும். ஓரம் நன்றாக மூடிய சாதாரண அடைப்பு, ஓரம் விட்ட மருந்து அடைப்பைவிட நாள்படும். செலவு கவலை என்றால் விக்டோரியா ஆஸ்பத்திரி வளாகத்தில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள், குறைந்த கட்டணத்தில் செய்வார்கள்.

"அடைச்ச பிறகு குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் கொப்பளிச்சா அதே பலன் வருமா?"

ஓரளவு வரும், ஆனால் மாதக்கணக்கில் கூடாது. பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கில் சுவை மாறும். எழுதிக்கொடுத்தால் எழுதிக்கொடுத்த நாட்கள் மட்டும். பேஸ்டில் நுரைக்காகச் சேர்க்கும் பொருள் மருந்தின் வேலையைக் குறைக்கும், அதனால் பல் துலக்கி அரை மணி நேரமாவது கழித்துக் கொப்பளியுங்கள். ஜி.ஐ.சி. வைத்த பல் என்றால் முதல் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிட வேண்டாம், அன்று முழுக்க அந்தப் பக்கம் முறுக்கு, கடலை வேண்டாம்.